எட்டு லாரியை வைத்துக்கொண்டு புகையைக் குறைக்க முடியுமா? டர்பனில் இருந்து ஒரு பதில்

தம்பி, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மாமனார் தொடங்கிய லாரித் தொழிலை இப்போது நீங்கள் நடத்துகிறீர்கள். எட்டு இன்டர்லிங்க் லாரிகள் (ஒரு முன்வண்டி இரண்டு ட்ரெய்லரை இழுக்கும் நீள லாரி) டர்பன் துறைமுகத்தில் கன்டெய்னர் எடுத்து ஜோகன்னஸ்பர்க்கில் சிட்டி டீப் என்ற கன்டெய்னர் முனையத்தில் இறக்குகின்றன. இன்னும் இரண்டு சின்ன லாரிகள் துறைமுகத்துக்கும் டர்பனின் தெற்கே ப்ராஸ்பெக்டனில் உள்ள கிடங்குகளுக்கும் நடுவே ஓடுகின்றன. ஐரோப்பாவில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் ஒரு வாடிக்கையாளர் படிவம் அனுப்பியிருக்கிறார். ஒரு டன் சரக்குக்கு எவ்வளவு கரியமில வாயு, மூன்று வருடத்தில் எவ்வளவு குறைப்பீர்கள் என்று அதில் கேள்வி. உங்கள் மைத்துனர் மின்சார லாரி வாங்கலாம் என்கிறார். மாமனாரோ, "இரண்டு வருடத்தில் அவர்களே இதை மறந்துவிடுவார்கள், விடு" என்கிறார். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நிற்கிறீர்கள்.

நான் தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் பில் எழுதித் தொழில் பழகியவன். டர்பனுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. லாரி எந்த நேரத்தில் எங்கே இருக்க வேண்டும் என்று திட்டம் போடுவதுதான் இத்தனை வருடமும் என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: புது லாரி வாங்கும் பேச்சை ஆறு மாதம் தள்ளி வையுங்கள். உங்களிடம் இருக்கும் லாரிகள் காலியாக ஓடும் தூரத்திலும், நின்ற இடத்திலேயே எரிக்கும் டீசலிலும்தான் பெரிய லாபம் இருக்கிறது. மின்சார லாரிக்கும் இடம் உண்டு, ஆனால் மைத்துனர் நினைக்கும் இடத்தில் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

மாமனாருக்கு ஒரு வார்த்தை. இது மறந்துபோகிற விஷயம் இல்லை, நீங்கள் ஏற்கனவே காசு கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். தென்னாப்பிரிக்காவில் கார்பன் வரி 2019 ஜூன் 1-ல் ஒரு டன் கரியமில வாயுவுக்கு 120 ராண்ட் என்று ஆரம்பித்தது. 2025-ல் 236 ராண்ட். இன்னும் ஏறும் என்று அரசு முன்கூட்டியே அறிவித்துவிட்டது. லாரிக்காரர்களுக்கு அது தனி பில்லாக வருவதில்லை, டீசல் விலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. பங்கில் ஒவ்வொரு தடவை டேங்க் நிரப்பும்போதும் கட்டுகிறோம்.

சரி, கணக்குக்கு வருவோம். கணக்கு இல்லாமல் எதையும் குறைக்க முடியாது.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.68 கிலோ கரியமில வாயு வெளியே போகிறது. முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே எடையுள்ள ஒரு லிட்டரில் இருந்து இரண்டரைக் கிலோ எப்படி வரும் என்று மாமனார் கேட்பார். நல்ல கேள்விதான். டீசலில் இருக்கும் கரி, எரியும்போது காற்றில் உள்ள ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்கிறது. எடையில் பெரும்பகுதி அந்த ஆக்சிஜன்தான்.

இப்போது உங்கள் லாரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். டர்பனில் இருந்து சிட்டி டீப் 575 கிலோமீட்டர் என்று வையுங்கள். கடல் மட்டத்தில் கிளம்பி 1,700 மீட்டர் உயரத்துக்கு ஏற வேண்டும். முப்பது டன் சரக்கோடு ஏறும்போது நூறு கிலோமீட்டருக்கு 48 லிட்டர், காலியாக இறங்கும்போது 28 லிட்டர் பிடிக்கிறது என்று வைத்தால், போய்வர 437 லிட்டர். வெளியான கரியமில வாயு 1,171 கிலோ. உருப்படியாகச் சுமந்தது முப்பது டன்னை ஒரு வழி மட்டும். வகுத்துப் பார்த்தால், ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக 68 கிராம்.

அதே லாரி திரும்பும்போதும் முப்பது டன் ஏற்றி வருகிறது என்று வையுங்கள். இறக்கம் என்பதால் நூறு கிலோமீட்டருக்கு 38 லிட்டர் போதும். மொத்த டீசல் 495 லிட்டருக்கு ஏறும், ஆனால் சுமந்த சரக்கு இரட்டிப்பாகிவிடும். இப்போது கணக்கு 38 கிராம். புது எஞ்சின் இல்லை, பாட்டரி இல்லை, கடன் இல்லை. நாற்பது சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது. இந்த எண்களை உங்கள் டீசல் ரசீதை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள், விகிதம் பெரிதாக மாறாது.

வாடிக்கையாளர் கேட்கும் படிவம் அநேகமாக சரக்குப் போக்குவரத்தின் கரியமில வாயுவைக் கணக்கிடும் ஐஎஸ்ஓ 14083 என்ற தரத்தை ஒட்டி இருக்கும். 2023-ல் வந்தது. அதில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். காலி ஓட்டத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும், மறைக்க முடியாது. இன்னொன்று, டீசல் எரியும்போது வருவதோடு, அதைத் தயாரித்துக் கொண்டுவந்தபோது வெளியான வாயுவையும் சேர்க்க வேண்டும். நம் நாட்டில் இந்த இரண்டாவது விஷயம் கொஞ்சம் கனமானது. உள்நாட்டில் விற்கும் எரிபொருளில் ஒரு பங்கு புமலாங்கா மாகாணத்தில் செகுண்டா ஆலையில் நிலக்கரியைத் திரவமாக்கிச் செய்வது. உலகத்திலேயே ஒரே இடத்தில் இருந்து அதிகக் கரியமில வாயு வெளியேறும் ஆலை என்று அதைச் சொல்கிறார்கள். அதனால் படிவத்தில் 2.68-ஐப் போட்டு முடித்துவிடாதீர்கள். லிட்டருக்கு எத்தனை கிலோ என்று எந்தக் காரணி எண்ணை எடுக்க வேண்டும் என்று வாடிக்கையாளரிடமே எழுதிக் கேளுங்கள். அப்படிக் கேட்டாலே உங்களுக்கு விஷயம் தெரியும் என்று அவர்களுக்குப் புரிந்துவிடும்.

திரும்பும் லோடு கிடைப்பது ஏன் கஷ்டம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேலே போவது கடைச் சரக்கு, இயந்திரம், துணி, எல்லாம் கன்டெய்னரில். கீழே வருவதில் பெரும்பகுதி தாது, அது டிப்பரில் வரும். கன்டெய்னர் காலியாகத்தான் இறங்குகிறது. இருந்தாலும் ஒரு வழி இருக்கிறது, பலர் முயற்சி செய்வதே இல்லை. ஜோகன்னஸ்பர்க்கில் இறக்கிய அதே பெட்டியை டெப்போவில் ஒப்படைக்காமல், ஏற்றுமதிக்காரர் ஒருவரின் கிடங்குக்கு நேரே கொண்டுபோய் அதிலேயே ஏற்றி வருவது. கப்பல் நிறுவனத்தின் சம்மதம் வேண்டும், பெட்டி சுத்தமாக இருக்க வேண்டும், பெட்டியை வாடகையின்றி வைத்திருக்கக் கப்பல் நிறுவனம் தரும் இலவச நாட்கள் முடிவதற்குள் நடக்க வேண்டும். இந்த மூன்றையும் சேர்ப்பது முழுக்க முழுக்க போன் வேலை. அதற்கென்றே ஒரு ஆளை உட்கார வையுங்கள். நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் இறக்குமதிப் பிரிவும் ஏற்றுமதிப் பிரிவும் ஒரே மாடியில் இருந்தன. ஒருவர் காலிப் பெட்டியைத் திருப்பி அனுப்பிய அதே நாளில் இன்னொருவர் அதே ஊருக்குக் காலிப் பெட்டி அனுப்பிக்கொண்டிருந்தார். இரண்டு மேசையையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டோம், அவ்வளவுதான் செய்தோம். அந்த வருடம் டீசல் பில் குறைந்தது கண்ணுக்குத் தெரிந்தது.

அடுத்து பேஹெட் ரோடு வரிசை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் என் மனதை அதிகம் அறுப்பது இதுதான்.

ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு தடவை அங்கே போய் நின்று பாருங்கள். கன்டெய்னர் டெர்மினலுக்குப் போக லாரிகளுக்கு இருப்பது அந்த ஒரே சாலை. சிவப்புப் பின்விளக்குகள் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தெரியும். பிப்ரவரி மாதப் புழுக்கத்தில் டிரைவர் ஸ்டியரிங் மேல் கையைப் போட்டு அரைத்தூக்கத்தில் இருப்பார். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை வரிசை இரண்டு லாரி நீளம் நகரும். நகராவிட்டால் பின்னால் இருப்பவர் ஹார்ன் அடிப்பார், இல்லை நடுவில் யாராவது புகுந்துவிடுவார்கள். அதனால் எஞ்சினை யாரும் அணைப்பதில்லை. நின்றபடி ஓடும் பெரிய எஞ்சின் மணிக்கு இரண்டரை லிட்டர் வரை குடிக்கும். ஒரு ட்ரிப்புக்கு ஐந்து மணி நேரம் என்று வையுங்கள். உங்கள் எட்டு லாரி, வாரத்துக்கு மூன்று ட்ரிப், வருடத்துக்கு ஐம்பது வாரம்: 15,000 லிட்டர். நாற்பது டன் கரியமில வாயு. ஒரு கிலோ சரக்குகூட ஒரு மீட்டர் நகரவில்லை.

இந்த வரிசைக்கு நீங்கள் காரணமில்லை. 2023 நவம்பரில் டர்பனுக்கு வெளியே அறுபதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் காத்துக்கிடந்ததை எல்லாரும் பார்த்தோம். இயந்திரங்கள் பழுது, உதிரி பாகம் இல்லை, காற்று அடித்தால் கிரேன் நின்றுவிடும். நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலும் விளக்குக்கும் குளிர்பெட்டிக்கும் எண்ணெய் எரித்துக்கொண்டேதான் நிற்கும். துறைமுகத்தில் ஒரு கிரேன் ஒழுங்காக ஓடினால் எத்தனை ஆயிரம் லிட்டர் மிச்சமாகும் என்று யாரும் பச்சைத் திட்டம் என்ற பெயரில் பேசுவதில்லை. என்னைக் கேட்டால் இந்த ஊரின் மிகப் பெரிய சுற்றுச்சூழல் திட்டமே அதுதான்.

உங்களால் முடிந்தது என்ன? நெடுந்தூர லாரியை அந்த வரிசைக்கு அனுப்பாதீர்கள். துறைமுகத்தில் இருந்து பெட்டியை உங்கள் யார்டுக்குக் கொண்டுவருவது சின்ன லாரிகளின் வேலையாக இருக்கட்டும். பெட்டி ஏற்றிய ட்ரெய்லர் யார்டில் தயாராக நிற்கும். மேலே இருந்து வரும் ஹார்ஸ் (ட்ரெய்லரை இழுக்கும் முன்வண்டி) பழைய ட்ரெய்லரைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டிக்கொண்டு அரை மணியில் கிளம்பிவிடும். கூடுதலாக நான்கைந்து ட்ரெய்லர் வேண்டியிருக்கும், பழையதாகவே வாங்கலாம். டிரைவருக்கும் இது பெரிய உதவி. ராத்திரி முழுக்க வரிசையில் கண்விழித்தவரை விடியற்காலையில் ஜோகன்னஸ்பர்க் வழியில் உள்ள வான் ரீனன் மலைக் கணவாய்க்கு அனுப்புவது பாவம், ஆபத்தும்கூட.

இந்தச் சின்ன லாரிகள்தான் மின்சாரத்துக்கு ஏற்ற இடம். ஏன் என்று சொல்கிறேன்.

அரசு மின்சார நிறுவனமான எஸ்காம் தரும் மின்சாரத்தில் ஐந்தில் நான்கு பங்கு நிலக்கரியில் இருந்து வருகிறது. ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு. நாற்பது டன் மின்சார லாரி கிலோமீட்டருக்கு 1.3 யூனிட் எடுக்கும் என்று வைத்தால், கிலோமீட்டருக்கு 1.3 கிலோ. அதே எடை டீசல் லாரி 40 லிட்டரில் நூறு கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 1.07 கிலோ. டீசலைத் தயாரிக்கும்போது வெளியாவதையும் சேர்த்தால் இரண்டும் ஏறத்தாழ சமம். அதாவது சுவரில் இருக்கும் ப்ளக்கில் மாட்டி ஜோகன்னஸ்பர்க் வரை மின்சார லாரி ஓட்டினால், புகை துறைமுகத்தை ஒட்டிய கிளேர்வுட்டில் இருந்து, நிலக்கரி மின் நிலையங்கள் உள்ள புமலாங்காவுக்கு இடம் மாறும், அவ்வளவுதான். அதற்கு மேல் பாட்டரி எடை வேறு. 56 டன் என்ற சட்ட வரம்புக்குள்தான் அந்த எடையும் அடங்க வேண்டும், சரக்கு குறையும். மலை ஏறும் நெடுந்தூரத்துக்கு உங்கள் அளவு நிறுவனம் இன்று அதில் இறங்க வேண்டாம்.

ஆனால் துறைமுகம்–ப்ராஸ்பெக்டன் ஓட்டம் வேறு கதை. நாளுக்கு 120 கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். அதில் பாதி நேரம் நிற்பது, நகர்வது, மறுபடி நிற்பது. மின்சார லாரி நிற்கும்போது எதையும் எரிப்பதில்லை, பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் சக்தியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு 150 முதல் 160 யூனிட் போதும். உங்கள் யார்டு ஷெட்டின் கூரையில் 100 கிலோவாட் சோலார் போட்டால், டர்பன் வெயிலில் வருடச் சராசரியாக நாளுக்கு 400 யூனிட் கிடைக்கும். இரண்டு லாரிக்குத் தாராளம். ஒரே சிக்கல், வெயில் அடிக்கும் நேரத்தில் லாரி வெளியே இருக்கும். துறைமுகம் இருபத்து நான்கு மணி நேரமும் ஓடுவதால் அதை மாற்றலாம்: கூட்டம் குறைந்த ராத்திரி ஸ்லாட்களை முன்பதிவு செய்து, பகல் பத்து முதல் மூன்று வரை சார்ஜில் நிறுத்துங்கள். முதலில் ஒரே ஒரு லாரி. குத்தகைக்குக் கிடைத்தால் இன்னும் நல்லது.

கிளேர்வுட் பெயரைச் சொன்னேன். நீங்கள் ஊருக்குப் புதிது என்பதால் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிளேர்வுட், ஜேக்கப்ஸ், மெர்பேங்க் எல்லாம் நம் ஆட்கள் காய்கறித் தோட்டம் போட்டு, கோயில் கட்டி, தமிழ்ப் பள்ளி வைத்து வாழ்ந்த இடங்கள். கிளேர்வுட் சிவ சுப்ரமணியர் கோயில் காவடி பார்த்திருப்பீர்கள். இப்போது அந்தத் தெருக்களில் வீடுகளுக்கு நடுவே லாரி யார்டுகள். குதிரைப் பந்தய மைதானம் இருந்த இடம் சரக்குக் கிடங்கு வளாகம் ஆகிவிட்டது. காலையில் துவைத்துக் காயப்போட்ட வெள்ளை வேட்டியை மத்தியானம் எடுத்து உதறினால் மெல்லிய கரி விரலில் ஒட்டும். அங்கே குடியிருந்தபோது என் மனைவி துணியை வீட்டுக்குள்ளேயே காயப்போட்டாள். 2000-களின் தொடக்கத்தில் மெர்பேங்க் செட்லர்ஸ் தொடக்கப் பள்ளியில் ஆய்வு செய்தபோது, பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஏதோ ஓர் அளவில் ஆஸ்துமா இருந்தது தெரியவந்தது. அப்போது எல்லாரும் கை நீட்டியது பக்கத்தில் இருந்த இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளை. அதற்குக் காரணமும் இருந்தது. ஒன்று 2020 டிசம்பர் வெடிவிபத்துக்குப் பிறகு சுத்திகரிப்பை நிறுத்தியது, இன்னொன்று 2022-ல் நின்றது. லாரிகள் நிற்கவில்லை. இனி அந்தப் பிள்ளைகளின் மூச்சுக்கு நம் தொழிலும் பதில் சொல்ல வேண்டும்.

கரியமில வாயுவும் இந்தக் கரியும் ஒன்றல்ல என்பதையும் மனதில் வையுங்கள். நுரையீரலைக் கெடுப்பது நுண்துகளும் நைட்ரஜன் ஆக்சைடும். இந்தியா 2020 ஏப்ரலிலேயே பாரத் 6 என்ற புகை விதிக்குப் போய்விட்டது, டீசலில் கந்தகம் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு). இங்கே அந்த 10 பிபிஎம் கட்டாயமாகும் தேதி 2027 ஜூலை 1 என்று தள்ளிப்போயிருக்கிறது. அதுவரை பங்கில் 500 பிபிஎம் டீசலும் கிடைக்கும், 50-ம் கிடைக்கும். சில காசு மிச்சம் என்று 500-ஐ அடிக்காதீர்கள். அடுத்த லாரி வாங்கும்போது துகள் வடிகட்டி உள்ள எஞ்சின் கேளுங்கள், அதற்கு 10 பிபிஎம் டீசல் எங்கே கிடைக்கிறது என்றும் பார்த்து வையுங்கள்.

டிரைவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். டவுன் ஹில், மூயி ரிவர், வான் ரீனன் என்று ஏறி இறங்கும், டர்பனையும் ஜோகன்னஸ்பர்க்கையும் இணைக்கும் இந்த என்3 சாலையில் டீசல் டிரைவரின் காலில்தான் இருக்கிறது. ஒரே லாரி, ஒரே எடை, இரண்டு டிரைவர் என்றால் நூறு கிலோமீட்டருக்கு ஐந்து லிட்டர் வரை வித்தியாசம் பார்த்திருக்கிறேன். ஏற்றத்துக்கு முன்பே வேகம் கூட்டுவது, உச்சியை நெருங்கும்போது காலை எடுப்பது, இறக்கத்தில் பிரேக்கை மிதிக்காமல், வேகத்தைத் தானே அடக்கும் ரிட்டார்டர் கருவியில் இறங்குவது எல்லாம் பழக்கம். சமதளத்தில் 80-ஐத் தாண்டாமல் இருப்பது சட்டமும்கூட. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறும் என்பதால் ஐந்து கிலோமீட்டர் வேகம் குறைத்தாலே மீட்டரில் தெரியும்.

டயர். ஓர் இன்டர்லிங்குக்கு 26 டயர். காலையில் டிரைவர் இரும்புக் குழாயால் தட்டிப் பார்த்து, சத்தத்தை வைத்து "சரியாக இருக்கிறது" என்பார். தட்டினால் பஞ்சரான டயர் தெரியும், பத்து சதவீதம் காற்று குறைந்த டயர் தெரியாது. ஆளுக்கு ஒரு காற்றழுத்தமானி வாங்கிக் கொடுங்கள். வாரத்தில் இரண்டு நாள், வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்கச் சொல்லுங்கள். இந்தப் பதிலில் நான் சொல்வதிலேயே மலிவான யோசனை இதுதான்.

மிச்சப்படுத்தும் டீசலில் டிரைவருக்குப் பங்கு கொடுங்கள், ஆனால் அளவுகோலைச் சரியாகப் போடுங்கள். நான் ஒரு இடத்தில் நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று மட்டும் பட்டியல் போட்டு ஆபீஸ் சுவரில் ஒட்டினேன். எப்போதும் கனமான லோடு எடுத்துப்போகும் மூத்த டிரைவர் ஒருவர் மூன்று மாதம் தொடர்ந்து கடைசி இடத்தில் வந்தார். நான்காவது மாதம் வேலையை விட்டுவிட்டார். எங்களிடம் இருந்ததிலேயே நல்ல டிரைவர் அவர். எடையையும் சேர்த்துக் கணக்கிட்டிருந்தால் முதல் இடத்தில் வந்திருப்பார். அந்தத் தவறு என்னுடையது, நீங்கள் அதைச் செய்ய வேண்டாம்.

இப்போது ரயில். மாமனார் ரயில் என்றால் முகம் சுளிப்பார், எல்லா லாரிக்காரரும் அப்படித்தான். ஆனால் இந்த நாட்டின் முதல் நீராவி ரயில் ஓடியது டர்பனில்தான், 1860 ஜூன் 26-ல், துறைமுகத்தை ஒட்டிய பாயின்ட் பகுதியில் இருந்து ஊருக்குள். அதே வருடம் நவம்பர் 16-ல் மதராசில் இருந்து ட்ரூரோ கப்பல் நம் மக்களைக் கொண்டுவந்து இறக்கியது. கரும்புத் தோட்டத்துக்கு மட்டுமா போனார்கள்? நேட்டால் அரசு ரயில்வே ஒப்பந்தக் கூலிகளை ஏராளமாக வேலைக்கு வைத்தது. உங்கள் மனைவி வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், ரயில்வே குடியிருப்பில் பிறந்த தாத்தாவோ பாட்டியோ ஒருவர் இருப்பார். ஜோகன்னஸ்பர்க் வரை போகும் பாதையில் அவர்கள் வியர்வை இருக்கிறது.

நெடுந்தூரச் சரக்கு ரயிலில்தான் போக வேண்டும் என்று பல பத்தாண்டுகள் லாரிகளுக்கு அனுமதிச் சீட்டுக் கட்டுப்பாடு இருந்தது. 1988-ல் அதை எடுத்தார்கள். லாரிகள் பெருகின. ரயிலில் முதலீடு போதவில்லை, பிறகு கம்பித் திருட்டு, எஞ்சின் தட்டுப்பாடு. சரக்கு ரயிலை நடத்தும் அரசு நிறுவனமான டிரான்ஸ்நெட் 2017-18-ல் 22 கோடி 60 லட்சம் டன் சரக்கைச் சுமந்தது. 2022-23-ல் 15 கோடி டன்னைக்கூடத் தொடவில்லை. அந்தச் சரக்கில் ஒரு பங்கு இன்று என்3-யிலும் வடக்கே உள்ள ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்துக்குப் போகும் சாலையிலும் ஓடுகிறது, சாலையை நொறுக்குகிறது.

எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் உருள்வதற்கும் ரப்பர் டயர் தாரில் உருள்வதற்கும் சக்தியில் பல மடங்கு வித்தியாசம். டர்பன்–ஜோகன்னஸ்பர்க் பாதை முழுக்க மின்பாதை. நிலக்கரி மின்சாரம்தான், மறுக்கவில்லை. அதனால் ஐரோப்பியப் பட்டியலில் ரயிலுக்குப் போட்டிருக்கும் அழகான எண்ணை அப்படியே எடுத்துப் படிவத்தில் எழுதாதீர்கள், இங்கே லாபம் அதைவிடக் குறைவாக இருக்கும். அப்படியிருந்தும் காலியாகத் திரும்பும் லாரியைவிட ரயில் குறைவாகவே வெளியிடும். எஸ்காமில் வெயிலும் காற்றும் சேரச் சேர, நாம் எதுவும் செய்யாமலே ரயிலின் கணக்கு இறங்கிக்கொண்டே போகும். டீசல் லாரிக்கு அந்த வாய்ப்பே இல்லை.

2025 ஆகஸ்டில் பதினொரு தனியார் நிறுவனங்களுக்கு டிரான்ஸ்நெட் தண்டவாளத்தில் ரயில் ஓட்ட இடம் ஒதுக்கப்பட்டது. உடனே நாளையே ஓடாது. ஆனால் உங்கள் மூன்று வருடத் திட்டத்துக்குள் இது வந்துவிடும். ரயில் உங்கள் தொழிலை விழுங்கிவிடாது. ரயில் எந்தக் கடை வாசலுக்கும் வராது, இரண்டு முனையிலும் லாரி வேண்டும். 575 கிலோமீட்டருக்கு ஒரு ட்ரிப் அடிப்பதற்குப் பதில், சிட்டி டீப்பைச் சுற்றி நாளுக்கு மூன்று நான்கு ட்ரிப் அடிக்கலாம். டிரைவர் ராத்திரி வீட்டில் தூங்குவார். அவசரமில்லாத, கனமான சரக்கு உள்ள ஒரு வாடிக்கையாளரை இப்போதே பேசிவையுங்கள்: டைல்ஸ், பேப்பர், இரும்புச் சாமான் மாதிரி.

ஒரே சாலையை நம்பி இருப்பது எவ்வளவு ஆபத்து என்று 2021 ஜூலையில் மூயி ரிவரில் லாரிகள் எரிந்தபோது பார்த்தோம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நானூறு பேருக்கு மேல் இறந்தார்கள், கன்டெய்னர்கள் மிதந்துபோய் என்2 சாலையில் கிடந்தன, பேஹெட் ரோடு அறுந்தது, ரயில் பாதையும் அரித்துப்போனது. அந்த அளவு மழை நாற்பது வருடத்துக்கு ஒரு முறை வந்த காலம் போய், புவி சூடானதால் இருபது வருடத்துக்கு ஒரு முறை என்று ஆகிவிட்டது என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டுச் சொன்னார்கள். ப்ராஸ்பெக்டனில் உங்கள் கிடங்குத் தரையில் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்று மாமனாருக்குத் தெரியும். இந்தப் படிவத்துக்கும் அந்தத் தண்ணீருக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று அவரிடம் சொல்லுங்கள்.

ஹைட்ரஜன் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2022-ல் மொகலக்வேனா பிளாட்டினம் சுரங்கத்தில் ஒரு பெரிய ஹைட்ரஜன் டிப்பரைக் காட்டினார்கள். சுரங்கத்துக்குள் சரி. உங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம்.

விமானச் சரக்கு பற்றி ஒரே வரி: சென்னையில் இருந்து ஒரு கிலோ முருங்கைக்காயை விமானத்தில் கொண்டுவந்தால் நாலு கிலோ அளவுக்குக் கரியமில வாயு, கப்பலில் வரும் ஒரு கிலோ அரிசிக்கு நூறு கிராம்கூட இல்லை. வாடிக்கையாளர் அவசரம் என்று விமானத்துக்கு மாற்றச் சொல்லும்போது, இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். பாதிப் பேர் கப்பலுக்கே திரும்புவார்கள்.

படிவத்தில் என்ன எழுதுவது என்றால், இந்த வருட எண்ணை உள்ளபடி எழுதுங்கள், காலி ஓட்டத்தோடு. பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை. முதல் வருடம் காலி ஓட்டத்தையும் வரிசையில் நிற்கும் நேரத்தையும் குறைப்போம், இரண்டாம் வருடம் யார்டில் சோலாரும் ஒரு மின்சார லாரியும், மூன்றாம் வருடம் அவசரமில்லாத சரக்கில் ஒரு பகுதி ரயிலில் என்று எழுதுங்கள். சதவீதத்தை இப்போதே வாக்குக் கொடுக்காதீர்கள். முதல் ஆறு மாதக் கணக்கு வந்ததும் தருகிறோம் என்று எழுதுங்கள். கூடவே ஒன்று கேளுங்கள்: அவர்கள் கிடங்கில் உங்கள் லாரி இறக்கக் காத்திருக்கும் நேரத்தை அவர்கள் குறைப்பார்களா, திரும்பும் லோடு தருவார்களா என்று. அந்தப் பாதி அவர்கள் கையில் இருக்கிறது.

போன மூன்று மாத டீசல் ரசீது, ட்ரிப் ஷீட், எடைச் சீட்டு மூன்றையும் ஒரு பைலில் போட்டு எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு சனிக்கிழமை வாருங்கள். மாமனாரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், எந்த லாரி எந்த மேட்டில் எவ்வளவு குடிக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும்.